பழைய காருக்குப் புளூடூத்: கேட்பதற்குப் பூட்டுங்கள், பேசுவதற்கு வேண்டாம்



சில மாதங்களுக்கு முன் எமது வீட்டு முற்றத்தில் நடந்த ஒரு விடயத்தை எழுதுவதா, விடுவதா என்று நீண்ட நாளாக யோசித்துக்கொண்டிருந்தோம். எழுதினால் தலைகுனிவு எமக்குத்தான். ஆனாலும் பழைய காரிலும் வேனிலும் புளூடூத் பூட்டியிருக்கும் யாருக்கும் இது நாளைக்கே நடக்கலாம். அதனால் எழுதுகிறோம்.

எம்மிடம் இருப்பது ஒரு கொரோல்லா 110. வாப்பா வாங்கியது. கெசட்டும் ரேடியோவும் உள்ள ஜப்பான் செட் அதோடேயே வந்தது. வாப்பா இருக்கும்வரை அதில் யாரையும் கை வைக்க விடவில்லை. அவர் மௌத்தான பிறகு, போனில் இருப்பதைக் காரில் கேட்க வேண்டும் என்ற ஆசையில் அதற்கு ஒரு சின்னப் புளூடூத் ரிசீவரைப் பூட்டினோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறோம்தானே, இதையும் நாமே செய்துகொள்ளலாம் என்ற தைரியம். வேலை நன்றாகவே வந்தது. நாலு பேருக்குக் காட்டிப் பெருமையும் பட்டோம்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு பிள்ளையின் தாய் போன் எடுத்தார். பிள்ளை வகுப்பில் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்பதைச் சொல்ல எடுத்த அழைப்பு. வீட்டுப் பிரச்சினை. "சேர், இது உங்களோட மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். நாம் விறாந்தையில் நின்று போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து மச்சான் கடைக்குப் போவதற்காகக் காரின் சாவியைத் திருப்பினார்.

காதில் இருந்த குரல் இல்லாமல் போனது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றோம். அடுத்த கணம் அதே குரல் காருக்குள் இருந்து வந்தது. கண்ணாடிகள் இறக்கியிருந்தன. கேட்டடியில் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் நின்றார்கள். என்ன நடக்கிறது என்று விளங்கி நாம் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புவதற்குப் பத்து விநாடி சென்றிருக்கும். அந்தப் பத்து விநாடியில் என்ன கேட்டது என்று இங்கே எழுத மாட்டோம்.

நாமே அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பரவாயில்ல சேர்" என்றார். அந்தப் "பரவாயில்ல" இன்னும் எமது காதில் நிற்கிறது. அவரிடம் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறோம். "மத்த ஆக்களுக்காவது நடக்காம இருக்கட்டும்" என்றார். அவர் யார் என்று யாரும் தேட வேண்டாம். தேடினாலும் தெரியாத மாதிரித்தான் எழுதியிருக்கிறோம்.

இதில் புளூடூத்தின்மீது குற்றம் இல்லை. அது தனது வேலையைத்தான் செய்தது. ரிசீவருக்குக் கரண்ட் கிடைத்தவுடன், கடைசியாகச் சேர்ந்திருந்த போன் பத்து மீற்றர் அளவுக்குள் இருந்தால் அது தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த நேரம் போனில் அழைப்பு இருந்தால், அழைப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இது தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம். பூட்டியதும் நாம், போனின் அமைப்பைப் பார்க்காமல் விட்டதும் நாம்.

இதற்குப் பிறகு எமக்கு வந்த முடிவு இதுதான்: பழைய செட்டைக் கழற்றி எறிய வேண்டாம். அதற்குப் புளூடூத் பூட்டுங்கள். ஆனால் கேட்பதற்கு மட்டும் பூட்டுங்கள். அழைப்பு அதனூடாக வர வேண்டாம்.

முதலில், ஏன் எறிய வேண்டாம் என்கிறோம்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் எம்மைப் போன்ற சம்பளக்காரர் கிட்டப் போக முடியாது. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடக் கார்கள் இன்னும் பல வருடம் எங்கள் தெருக்களில் ஓடத்தான் போகின்றன. அவற்றில் இருக்கும் ஜப்பான் செட்டுகள் பலவற்றின் அம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. குறை ஒன்றே ஒன்று: போனில் இருப்பது உள்ளே போவதற்கு வாசல் இல்லை. வாசல் இல்லை என்பதற்காக வீட்டை உடைக்கத் தேவையில்லை.

எந்த வாசலைத் திறப்பது என்பது உங்கள் செட்டைப் பொறுத்தது. எமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

1. செட்டின் முகத்தில் AUX என்று எழுதி ஒரு சின்ன வட்டத் துளை இருந்தால் உங்கள் வேலை லேசு. சிகரெட் லைட்டர் துளையில் ஒரு யூஎஸ்பி சார்ஜர், அதில் ஒரு புளூடூத் ரிசீவர், அதிலிருந்து ஒரு 3.5 மில்லிமீற்றர் வயர். முடிந்தது. சிலருக்கு இதில் ஒரு தொல்லை வரும்: எக்ஸலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ங்ஙீ" என்று ஓர் இரைச்சல் ஏறும். செட் ஓர் இடத்திலும் சார்ஜர் வேறோர் இடத்திலும் ஏர்த் எடுப்பதால், ஒல்டனேட்டரின் சத்தம் வயர் வழியாக உள்ளே வருகிறது. ரிசீவரைக் குறை சொல்லி மாற்ற வேண்டாம். 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று விரல் நீளத்தில் ஒரு சாமான் இருக்கிறது. AUX வயரின் நடுவில் அதைப் போட்டால் அநேகமாக நின்றுவிடும்.

2. கெசட் மட்டும் இருக்கும் செட் என்றால், கெசட் வடிவத்திலேயே ஓர் அடாப்டர் இருக்கிறது. உள்ளே நாடா கிடையாது. நாடா உரசும் இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை இருக்கும். அது செட்டின் தலைக்கு எதிரே நின்று, நாடா செய்யும் வேலையைச் செய்யும். எமது காரில் இருப்பது இதுதான். ரிசீவரின் வயரை இதில் மாட்டியிருக்கிறோம். பூட்டுவதற்கு முன் செட்டின் தலையைச் சுத்தமான பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பல வருடத் தூசு போனாலே சத்தம் தெளியும்.

3. ஊரில் அதிகம் விற்பது லைட்டர் துளையில் குத்தும் எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டர். போனிலிருந்து புளூடூத்தில் எடுத்து, ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி எஃப்.எம்.மில் விடும், செட் அதைப் பிடிக்கும். மலிவு, வயர் வெட்டும் வேலையும் இல்லை. ஆனால் எங்கள் நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜப்பான் செட்டின் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். எங்கள் நாட்டு எஃப்.எம். 87.5 முதல் 108 வரை. இரண்டும் சேரும் இடம் இரண்டரை மெகாஹேர்ட்ஸ் மட்டும். அதனால்தான் ஜப்பானில் இருந்து வந்த காரில் எங்கள் வானொலிகளைக் கேட்க 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' பூட்டுகிறோம். அது பூட்டிய காரில் செட் காட்டும் இலக்கம் உண்மையான இலக்கம் அல்ல. உதாரணமாக, 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் எக்ஸ்பாண்டர் என்றால், ட்ரான்ஸ்மிட்டரில் 100.0 வைத்தால் செட்டில் 86.0 வைக்க வேண்டும். இந்தக் கழித்தல் தெரியாமல் "சாமான் வேலை செய்யல்ல" என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு.

இந்த மூன்றாவது வழியில் எமக்குப் பிடிக்காதது சத்தத்தின் தரம் மட்டும் அல்ல. எங்கள் கரையோரத்தில் இருந்து கொழும்புக்குப் போவது பெரும்பாலும் இரவுப் பயணம். அக்கரைப்பற்றில் வெறுமையாக இருந்த அலைவரிசையில், மொனராகலை தாண்டும்போதோ இரத்தினபுரிக்குள் இறங்கும்போதோ வேறொரு வானொலி வந்து குறுக்கே பேசும். அப்போது வேன் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையால் ட்ரான்ஸ்மிட்டரிலும் செட்டிலும் இலக்கம் தேடுவார். வளைவான பாதை, இருட்டு, பின்னால் குடும்பம் தூக்கத்தில். இந்தச் சாமானை வைத்திருப்பவர்கள் அலைவரிசை மாற்றும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த தேநீர்க் கடைவரை சும்மா போங்கள்.

4. செட்டைத் திறந்து உள்ளேயே புளூடூத் போர்டைப் பொருத்துவது. வொலியூமுக்கு முன்னால் உள்ள இடத்தில் ஒலியைக் கொடுக்க வேண்டும். கார் பெட்டரியின் 12 வோல்ற்றை நேரே கொடுக்கக் கூடாது, 5 வோல்ற்றாக இறக்க வேண்டும். சோல்டர் பிடித்துப் பழகியவர்கள் செய்தால் மிக அழகான வேலை. வெளியே ஒன்றும் தெரியாது. பழகாதவர்கள் தொட வேண்டாம். ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயன்முறைப் பாடம் இல்லை. பழைய செட் ஒன்றை முதலில் மேசையில் வைத்துப் பழகட்டும்.

5. செட்டையே மாற்றுவது. செட் உண்மையில் செத்துவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். வாங்குவதற்கு முன் அளவைப் பாருங்கள். பொதுவான அளவு அகலம் 180 மில்லிமீற்றர். உயரம் சின்னதற்கு 50, பெரியதற்கு 100. ஜப்பான் டொயோட்டாக்கள் பலவற்றில் இடத்தின் அகலம் 200. அதனால்தான் இரண்டு பக்கமும் வெளித்துத் தெரிகிறது. அதற்கென்று பக்கப் பட்டிகள் இருக்கின்றன, டேஷ்போர்டை வெட்டத் தேவையில்லை. வயரையும் வெட்ட வேண்டாம். டொயோட்டாவின் சொக்கெட்டுக்கு அப்படியே பொருந்தும் வயர்த் தொகுதி கடையில் இருக்கிறது.

வயர் கலரிலும் கவனம். கடையில் வாங்கும் செட்டில் மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள வயர், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வருவது, கறுப்பு ஏர்த். காரின் சொந்த வயர்க் கலர் வேறு. ஒரே கலர் என்று நினைத்துச் சேர்க்கக் கூடாது. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து நேரே பெட்டரிக்குக் கொடுத்தால் செட் இரவிரவாக விழித்திருக்கும், காலையில் கார் ஸ்டார்ட் வராது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நேரமும் வானொலி இலக்கமும் மறந்துபோகும். எதுவாக இருந்தாலும் பியூஸ் போன இடத்தில் வயர்த் துண்டு வைத்துச் சுற்றுகிறவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். மலிவாகச் செய்த வயரிங் தீப்பிடிக்கவும் கூடும்.

பூட்டுவது பற்றி இவ்வளவு போதும். இனி இந்தப் பதிவின் உண்மையான விடயத்துக்கு வருவோம்.

புளூடூத்தில் ஒலி இரண்டு வழியாகப் போகிறது. ஓதல், உரை, பாட்டு எல்லாம் ஒரு வழி. அழைப்பு இன்னொரு வழி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எமக்கும் அந்த நாளுக்குப் பிறகுதான் தேடிப் பார்க்கத் தோன்றியது. அண்ட்ரொயிட் போனில் புளூடூத் பக்கத்துக்குப் போய், உங்கள் கார் ரிசீவரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தை அழுத்துங்கள். அழைப்புக்கு ஒரு சுவிட்ச், மீடியாவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அழைப்பை மூடிவிடுங்கள். இனிக் கார் உங்கள் அழைப்பைத் தொடாது. அழைப்பு வந்தால் போனில்தான் மணி அடிக்கும், கேட்டுக்கொண்டிருந்ததும் அநேகமாக நின்றுவிடும். யாரோ எடுக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு மீடியா வழியில்தான் போகும். அழைப்பை மூடினாலும், கார் சேர்ந்திருக்கும்போது அந்தக் குரல் பதிவை அழுத்தினால் அது கார் ஸ்பீக்கரில் பேசும். ஆகவே வாகனத்தில் வேறு ஆட்கள் இருக்கும்போது குரல் பதிவைத் திறக்க வேண்டாம்.

"ஹேண்ட்ஸ் ஃப்ரீ பேசினால் பொலிஸ் பிடிக்க மாட்டாங்களே சேர், ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதைவிடக் கையில் இல்லாமல் பேசுவது நல்லது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் கை சும்மா இருந்தாலும் கவனம் சும்மா இருப்பதில்லை. வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். பக்கத்தில் இருந்து பேசுகிறவர் முன்னால் மாடு குறுக்கே வந்தால் தானும் பேச்சை நிறுத்துவார், "பார்த்து" என்பார். போனில் இருப்பவருக்கு மாடு தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். காசுப் பிரச்சினை, கலியாணப் பேச்சு, யாரோ சொன்ன கதை. எங்கள் பிரதான வீதியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடுகிறார்கள். அவர்களுக்கு மத்தியில் யாரோ ஒருவர் கண்ணை வீதியிலும் மனத்தை அழைப்பிலும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

வாடகை வாகனம் ஓட்டுகிற சகோதரர்களுக்கு அழைப்புத்தான் தொழில் என்பதும் தெரியும். அவர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறோம்: சிக்னலைப் போட்டு ஓரமாக நிறுத்தி, இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போங்கள். வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்ற அவசர அழைப்பாக இருந்தால் இன்னும் கட்டாயமாக நிறுத்த வேண்டும். அந்தச் செய்தியைக் கேட்ட மனத்தோடு யாராலும் ஒழுங்காக ஓட்ட முடியாது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செட்டில் அழைப்பு எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு விளங்காது என்று நினைப்பீர்கள். அடுத்த நாள் காலையில் வகுப்பில் எமக்கு வந்து சொல்கிறார்கள், "சேர், வேன் மாமாட ஊட்டுல சண்டையாம்."

அழைப்பு என்பது இரண்டு பேருக்கு இடையிலானது. எடுத்தவர் எம் ஒருவர் காதை நம்பித்தான் பேசுகிறார். வாகனத்துக்குள் இன்னும் நாலு பேர் இருப்பது அவருக்குத் தெரியாது. ஸலாம் சொன்ன கையோடு அவர் எதைச் சொல்லத் தொடங்குவார் என்று எமக்கும் தெரியாது. நம்பிச் சொன்ன பேச்சு அமானிதம் என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காசை அமானிதமாகத் தந்தால் பூட்டி வைப்போம். பேச்சைத் தந்தால் நாலு ஸ்பீக்கரில் விடுகிறோம். வேண்டுமென்று விடவில்லைதான். ஆனால் மூடும் சுவிட்ச் இருப்பது தெரிந்த பிறகும் மூடாமல் இருந்தால், அதற்குப் பிறகு தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

இன்னும் இரண்டு சின்ன விடயம். மலிவு ரிசீவர்கள் பல கடவு இலக்கம் கேட்காமலே யாருடைய போனையும் சேர்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிற போகிறவர்களின் போனையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டாம். அடுத்தது, புதிய செட்டுகள் சில உங்கள் போனில் உள்ள பெயர்களையும் இலக்கங்களையும் தமக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். வாகனத்தை விற்கும்போது புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அவற்றை அழித்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் பெண்களின் இலக்கம் வாங்குகிறவருக்கு எதற்கு?

எமது காரில் இப்போது காலையில் பள்ளிக்கூடம் போகும்போது ஓதலோ, வானொலி முஸ்லிம் சேவையின் பழைய நிகழ்ச்சி ஏதாவதோ போகிறது. வாப்பாவின் செட், வாப்பாவின் ஸ்பீக்கர். சத்தம் அருமை. போன் பைக்குள் இருக்கிறது. யாராவது எடுத்தால் ஓதல் நிற்கும், நாம் ஓரமாக நிற்போம். அந்தப் பிள்ளையின் தாய் போன வாரமும் எடுத்தார். கார் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. ஆனாலும் நாம் எழும்பிப் போய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினோம்.

இன்று இரவு படுக்கப் போவதற்கு முன் உங்கள் போனை எடுத்து அந்தச் சுவிட்சை ஒருமுறை பாருங்கள். வயது போன வாப்பாமார், மாமாமார் வீட்டில் இருந்தால் அவர்களின் போனிலும் பார்த்துக் கொடுங்கள். பூட்டுவதில் சந்தேகம் இருந்தால் செட்டின் முகத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.

அல்லாஹ் எமது பயணங்களையும், எம்மை நம்பிப் பேசியவர்களின் மானத்தையும் பாதுகாப்பானாக.